அட்டை டாங்கியில் ஒரு காலி இடம்

பசை இந்நேரம் காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மைதா பசை சீக்கிரம் காயாது என்பது சாராளுக்குத் தெரியாததல்ல. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடில் கட்டிப் பழகிய கை அது. ஆனால் காயாத பசை சில்லென்றுதான் இருக்கும். அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், தோள்பையைக் கூட இறக்காமல், மேஜை மேலிருந்த அட்டை டாங்கியின் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் ஓட்டி வந்து நிறுத்திய ஆட்டோவின் பின்பக்கம் போல.

ஜன்னல் வழியாக வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அன்று முழுக்க வெயிலே வரவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அதற்கு மேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. காலையிலிருந்து நின்ற நிலையில் சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது ஆவடி வரைக்கும் ரயிலிலும் நின்றபடிதான். சேக்காட்டில் வீட்டுக்குள் நுழைந்தால் படுத்த படுக்கையாய் அப்பா. அவரைப் புரட்டித் துடைத்து, கஞ்சி கொடுத்து, துணி அலசிப் போடும்வரை நிற்கத்தான் வேண்டும். முழங்காலுக்குக் கீழே வலி என்பது அவளுக்கு நாற்பத்தெட்டு வயதில் நிரந்தரக் குடித்தனக்காரன் ஆகிவிட்டது.

டாங்கி அப்பாவின் ஆசை. மாசிலாமணி எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் டாங்கி ஓட்டியவர். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், ஆனால் அவர் மட்டும் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். படுக்கையில் விழுந்த பிறகுதான் வாய் திறந்தது. வாய் திறந்ததோடு சாப்பாடு இறங்குவது நின்றுபோயிற்று.

"குடிலு கட்டற மாரியே எனக்கு என் வண்டியைக் கட்டிக் குடு கண்ணு. அப்பால சாப்புடறேன்" என்றார்.

கட்டினாள். அடிக்கு ஓர் அங்குலம் என்று அளவு சொன்னது அவர்தான். கம்பெனியில் கிழித்துப் போடும் பெட்டிகளின் அட்டை. நூல் சுற்றி வரும் கூம்புகளைச் செருகிப் பீரங்கிக் குழாய். கோட்டுப் பட்டன்கள் சக்கரம், பெரிய பல் வைத்த ஜிப் இரண்டு அந்தச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலி. முன்னால் ஓட்டுகிறவர் இறங்குகிற வட்ட மூடிக்கு ஒரு பெரிய கறுப்புப் பட்டனை ரிப்பனில் ஒட்டினாள். ஒவ்வொரு சாமானையும் அப்பா வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஒட்ட விட்டார். அவர் கஞ்சி குடித்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

"உள்ள ஆளுங்க வேணாமா?" என்று அவளே கேட்டாள்.

குடில் பெட்டியிலிருந்து மேய்ப்பர் பொம்மைகள் மூன்றை எடுத்து உள்ளே வைத்தாள். அளவெடுத்துச் செய்ததைப் போலப் பொருந்தின. மேலே, அப்பா ஸாப் என்று சொல்லும் அதிகாரி, பக்கத்தில் சுடுகிறவர், குண்டு போடுகிறவர். முன்னால் ஓட்டுகிறவரின் இடத்தை மட்டும் காலியாக விட்டாள். குடில் கட்டுகிறவர்கள் யாரும் குழந்தையை முன்கூட்டி வைப்பதில்லை. எல்லாப் பொம்மைகளையும் வைத்துவிட்டு, நடுவில் தொட்டியை மட்டும் காலியாக விட்டு, குழந்தை வரும் ராத்திரிக்காகக் காத்திருப்பார்கள். கை அந்தப் பழக்கத்தில் போயிற்று. தவிர, உயிரோடு இருக்கிற மனுஷனைப் பொம்மையாக வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அப்பா அந்தக் காலி இடத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"டிராக்கு, அந்தச் சங்கிலி, கயண்டுகிச்சி. எறங்கிப் பாருன்னாரு ஸாப். எறங்கினேன். அடுத்த நிமிசம் வண்டி மேல வுயிந்துச்சி குண்டு. நான் தூரப் போய் வுயிந்தேன். அவங்க மூணு பேரும்..." நிறுத்தி மூச்சு வாங்கினார். "டிரைவர் இல்லாம வண்டி எப்பிடிமா நவுரும்? அங்கியே நின்னுகினு கீது. ஸாப் காதுல 'சலோ'ம்பாரு, கெளம்புன்னு. உடனே எடுத்துருவேன். இப்ப யாரு எடுப்பா?"

"அதெல்லாம் முடிஞ்ச கதை நைனா. உன் எடம் இந்தக் கட்டிலு. அங்க எதுக்கு நீ?"

"காலியா கீதேமா."

அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். இடுப்பு விட்டுப் போயிற்று. எரிச்சலும் சிரிப்புமாக வாயில் வந்ததைச் சொன்னாள்.

"காலியா கீதுன்னா என்னை உக்காத்தி வையி. காலைலேர்ந்து நின்னுகினே கீறேன். உக்கார எடம்னு ஒன்னு குடுத்தா, எங்கன்னு கூட கேக்க மாட்டேன், போய் உக்காந்துக்குவேன்."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் பார்வை டாங்கிக்குத் திரும்பியது.

அந்தப் பேச்சுக்கு மறுநாள்தான் டாங்கி சூடாக இருந்தது.

அதற்கடுத்து வாசம். முதலில் மண்ணெண்ணெய் என்று நினைத்து அடுப்படியெல்லாம் மோந்து பார்த்தாள். அது டீசல். அதற்கடியில் தீய்ந்த மயிர் வாசனை. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிற எதிர்வீட்டுச் சரசா வாசலில் நின்றே சாவியைக் கொடுத்தாள்.

"உங்கப்பா யார்கிட்டயோ பேசிகினே கீறாரு சாரா. இந்தியில."

"வயசாச்சில்ல. பழைய நெனப்பு."

"அவரு பேசறது சரி." சரசா உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள். "நடுநடுவுல நிறுத்திக் கேக்கறாரும்மா. யாரோ பதில் சொல்ற மாரி. எனக்கு பயமாகீது, நாளைலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்க."

அந்த மூன்று பேரும் அப்பாவைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள். சாராளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. யாரிடமும் சொல்ல முடியாத மாதிரித் தெரிந்தது. போகட்டுமே, அவரும் நிம்மதி, நீயும் நிம்மதி என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. எனக்கென்று இருப்பது இவர் ஒருவர்தான், கொடுக்க மாட்டேன் என்று கர்த்தரிடம் வாய்விட்டே சொன்னாள். குடில் பெட்டியில் மிச்சமிருந்த நாலாவது மேய்ப்பனை எடுத்துக்கொண்டு வந்து, முன்னால் இருந்த வட்ட ஓட்டை வழியாக இறக்கி, ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார வைத்தாள். இந்தா டிரைவர், கிளம்புங்கள் என்று சொல்லிப் பட்டனை மூடினாள். விரல் நுனி சுட்டது.

காலையில் மேய்ப்பன் தரையில் இரண்டு துண்டாகக் கிடந்தான். அவன் ஏற்கெனவே பொம்மைதானே. அவர்களுக்கு அவன் வேண்டாம்.

வேறு ஆள் கிடைக்கவில்லை, அப்பாவைத் தனியாக விட்டுத்தான் வேலைக்குப் போனாள். இன்றைக்கு டாங்கியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவது என்று வேலைக்கு நடுவில் முடிவு செய்தாள். அந்த எண்ணமே பெரிய ஆறுதலாக இருந்தது. ரயிலை விட்டு இறங்கும்போது மழை கொட்டியது. சேக்காட்டுத் தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை, வீடுகளெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கம்பெனியின் நீலக் கோட்டைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள். அது நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. கால் இரண்டும் இற்று விழுவதைப் போல் வலித்தன.

கதவைத் திறந்தாள். டீசல். கண் எரிந்தது.

"நைனா?"

"வா கண்ணு." குரல் தெளிவாக இருந்தது. வருஷக்கணக்கில் அவள் கேட்காத, மூச்சு வாங்காத குரல். "ரொம்ப நின்னுட்டியா இன்னிக்கு?"

"கரண்டு இல்ல. இரு, மெழுகுவத்தி ஏத்தறேன்."

"வாணாம். அவங்களாண்ட சொல்லிட்டேன். பொண்ணு கீறா, நல்லா வேலை செய்வா, உக்கார எடம் கேட்டான்னு. ஸாப் ஒத்துக்கினாரு."

அவளுக்குப் புரிவதற்கு முன்பே முதுகுத்தண்டு புரிந்துகொண்டது. போனில் டார்ச்சைப் போட்டு மேஜை மேல் அடித்தாள். டாங்கியின் முன்மூடி மூடியிருந்தது. காலையில் அவள் அதைத் திறந்தபடி விட்டுப் போயிருந்தாள். நகத்தால் பட்டனைத் தூக்கினாள். குனிந்து பார்த்தாள்.

ஓட்டுகிறவர் இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

ஈரக் களிமண். நீலக் கோட்டு. பின்னால் முடிந்த கொண்டை. கை இரண்டும் முன்னால் வண்டி ஓட்டும் இரண்டு இரும்புக் கோல்களைப் பிடித்திருந்தன. சாராள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தலையைத் தூக்கி மேலே பார்த்தது.

போன் கைநழுவியது. விழுகிற சத்தம் வரவில்லை.

கால்வலி நின்றுபோயிற்று.

முதலில் அதுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்து வலி, சட்டென்று, இல்லை. முழங்கால் மடிந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் சாய்மானம். உள்ளங்கையில் குளிர்ந்த இரும்பு. சுற்றிலும் இருட்டு. தீய்ந்த நாற்றம். பின்னால் மூன்று பேர் மூச்சு விடுகிறார்கள்.

தலைக்கு மேலே வட்டமாக ஒரு வெளிச்சம். எட்டாத உயரம். அதை அடைத்துக்கொண்டு அப்பாவின் முகம், வானம் அளவுக்கு. எழுந்து நிற்கவே முடியாத அப்பா நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சௌகரியமா கீதா கண்ணு?"

கத்தினாள். வாயில் களிமண்.

அப்பா மெதுவாக, குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி, கறுப்பு மூடியைச் சாய்த்தார். வெளிச்சம் பிறையாயிற்று. கோடாயிற்று. போயிற்று.

காதுக்குள் ஓர் ஆண் குரல், களைத்துப்போன குரல், சொன்னது.

"சலோ."

அவள் கை தானாகக் கோல்களை முன்னே தள்ளியது.