நதீனுக்கு ஒரு சீட்டு

எங்கள் ஊர் வயலில் நடந்த அந்தப் பெரிய இசை விழாவின் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்காக ஊரே மறுபடி கிறுக்குப் பிடித்துத் திரிந்தது. அன்று வந்த கூட்டத்தால் மேய்ச்சல் நிலம் நாசமாகிறதென்று துப்பாக்கியைத் தூக்கிய மனிதர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே நிலத்து மண்ணைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். நானும் ஒன்று வாங்கினேன், யார் வீட்டுக் கொல்லை மண் என்று பார்க்கத்தான்.

ஆப்பிள் கேக்கோடு எதிர்வீட்டு ஆர்டிஸ் அக்காவைப் பார்க்கப் போனபோது மதியம் மூன்று மணி. எண்பத்தேழு வயது, எலும்பு வரை புற்று. எழுந்து நடந்து இரண்டு மாதமாகிறது. பின்கதவு கண்ணில் படவேண்டுமென்று கட்டிலைச் சமையலறையிலேயே போடச் சொல்லியிருந்தாள். அந்தக் கதவு வழக்கம்போல ஒரு செங்கல் முட்டில் திறந்தே கிடந்தது. ஐம்பது வருடமாக, கொட்டும் பனியிலும் அப்படித்தான். அணில் வந்திருக்கிறது, ஒருமுறை கரடிகூட வந்திருக்கிறது.

மகள் நதீன்தான் வரவில்லை.

பதினேழு வயதில் அந்த இசை விழாவுக்குப் போவேன் என்று நின்றாள். போனால் இந்த வாசலை மிதிக்காதே என்றாள் அக்கா. போய்விட்டாள். மறுநாளே அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. விழா மேடையில் பாட்டுக்கு நடுவே ஒருவன் சீட்டுகளை வாசிப்பான். தொலைந்தவர்கள், மருந்தை மறந்தவர்கள், வீட்டுக்குப் போன் செய்யவேண்டியவர்கள் என்று பெயர் பெயராக அழைப்பான். பட்டினி கிடந்த அந்தப் பிள்ளைகளுக்காக ஊர்ப் பெண்கள் முட்டை அவித்துக்கொண்டிருந்தோம். கூடையோடு கிளம்பிய என் கையில், தீவனப் பையில் கிழித்த தாளொன்றை அக்கா திணித்தாள்.

'நதீன், கதவு திறந்தே இருக்கு. வா.'

பிரித்துப் படிக்காமலிருந்தால் நான் வெர்னா இல்லை. முட்டை கொடுத்துக்கொண்டே மூன்று பெண்களிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன், ராங்கிக்காரி இறங்கிவந்துவிட்டாள் என்று. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மேடை தூரம், முழங்கால் வரை சேறு. திரும்பிவிட்டேன்.

"வாசிச்சாங்களாடி?" என்று வாசலிலேயே கேட்டாள் அக்கா.

"என் காதால கேட்டேன்க்கா."

ஊருக்கெல்லாம் சொன்ன நான், மேடைக்கு மட்டும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகு நதீனை யாருமே பார்க்கவில்லை. கேட்டும் வராமல் போனாளே என்ற ஒரே வேதனையில் அக்கா கிழவியானாள்.

நான் கேக்கை மேசையில் வைத்தபோது மழை தொடங்கியது. கதவு வழியாக ஈர வைக்கோலும் புகையும் சேறும் கலந்த வாடை வந்தது. பழைய வாடை.

பிறகு ஒலிபெருக்கியின் கரகரப்பு.

இடி மின்னலென்று நினைவுக் கச்சேரியைக் காலையிலேயே ரத்து செய்திருந்தார்கள். வயலில் ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பிகூட இல்லை.

"வெர்னா ஹட்டன். வெர்னா ஹட்டன். மேடைக்குப் பின்னால வாங்க."

அது என் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். அந்தப் பெயரில் என்னை அழைக்க அக்காவைத் தவிர ஊரில் ஒருவரும் மிச்சமில்லை.

"உங்ககிட்ட ஒரு சீட்டு இருக்கு. நதீன் காத்துக்கிட்டிருக்கா."

அக்கா என்னையே பார்த்தாள்.

"வாசிச்சாங்கன்னு சொன்னியே."

கேக் வெட்டக் கத்தி தேடுவதுபோல் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வெச்சிருக்கியா அதை?"

என் வீட்டுத் தையல் டப்பாவின் அடியில் இருந்தது. எறிய மனம் வந்ததே இல்லை. தலையாட்டினேன்.

"அப்ப இங்க என்னடி பண்றே? கொண்டுபோய்க் குடு. கேக்கை அப்புறம் தின்னுக்கலாம்."

வீட்டுக்குப் போய்ச் சீட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். வயலில் யாருமில்லை. இடுப்பளவு புல், மழை. மேடை இருந்த மேட்டில் நின்று தாளை விரித்து உரக்கப் படித்தேன். இரண்டே வாக்கியம்.

தாளை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

காற்று பிடுங்கியதென்று சொல்லலாம். காற்றுக்கு விரல் இல்லை. என் உள்ளங்கையைத் தொட்ட நான்கும் ஐஸ் போல இருந்தன.

பிறகு புல் விலகியது, ஓர் ஆள் அகலத்துக்கு, ஊரைப் பார்த்து. ஓடுகிற வேகம். எழுபது வயதில் என்னால் பின்தொடர முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் பின்கதவு சாத்தியிருந்தது.

செங்கல்லைக் காணவில்லை. ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். வேவு பார்த்தே பழகிய முகம். செங்கல் உள்ளே, அடுப்பருகே கிடந்தது. அக்கா அசையவில்லை. மூச்சும் இல்லை. ஆனால் அந்த முகத்தில் இருந்த சிரிப்பை நான் ஐம்பது வருடமாகப் பார்த்ததில்லை. மேசையருகே இருந்த நாற்காலி கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. அதிலிருந்து சேற்றுநீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேக்கில் இரண்டு துண்டு குறைந்திருந்தது.

"அக்கா, மன்னிச்சிடு. நான்தான். கதவைத் திற."

தட்டினேன்.

உள்ளே யாரோ நடந்து வந்து, மேல் தாழ்ப்பாளையும் போட்டார்கள்.