கல் நட்ட நகரில் பதினொரு நோயாளிகள்

பேருந்து நிலையத்தில் வேதா டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது அவள் செல்பேசிக்கு ஒரு ஓடிபி வந்தது. அவள் கேட்காத ஓடிபி. அடுத்த நொடியில் இன்னொன்று. டீ குடிக்கிற சூட்டுக்கு வருவதற்குள் பதினொன்று.

பதினொன்று என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். காரணம் இருந்தது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்து டேப்லெட்டில் ஏற்றுவது அவள் வேலை. போன மாதம் பார்க்கவேண்டிய கணக்கில் பதினொரு ஆள் குறைந்தது. கீழ்பென்னாத்தூர் தாண்டி மனை போட்டு விற்ற தனலாப நகரில் லாபம் யாருக்கோ, நட்டிருந்தது வெறும் எல்லைக்கல். வேதா அங்கே ஆளையும் நட்டுவிட்டாள். ஒரு பெயர், ஒரு வயது, இடது கையில் எடுத்ததாக ஓர் அளவு. ஆளுக்கொரு செல்பேசி எண் கேட்டது டேப்லெட். தன் எண்ணையே எல்லாருக்கும் கொடுத்தாள். கூடைக் கத்தரிக்காயில் நாலு சொத்தையைத் தள்ளிவிடுகிற மாதிரிதான். யார் கண்ணில் படப்போகிறது?

பட்டுவிட்டது.

உடம்புக்கு என்ன என்று மக்களே செல்பேசியில் ஓடிபி வாங்கிப் பதிகிற இணையதளத்தைப் பார்த்து, எங்கே ஜாஸ்தியோ அங்கே மருத்துவ வேன் அனுப்பத் திட்டம் போடுகிறவர் செழியன். அலுவலகத்தில் அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். மாவட்டமே பச்சை. ஒரு மூலையில் மட்டும் சிவப்பு.

"உங்க ஏரியாதாம்மா. தனலாப நகர். காலைல பதினொரு பேரு ஒரே நேரத்துல போட்டிருக்காங்க. மூச்சு விட முடியலன்னு."

"யாராச்சும் விளையாடியிருப்பாங்க சார்."

"நீங்க நேர்ல பாத்த ஆளுங்கதானே?"

"ஆமாங்க சார்."

வேறென்ன சொல்வாள்? பொய் என்று தெரிந்தால் ஒப்பந்த வேலை அன்றைக்கே போய்விடும். தனியாளாக இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவள்.

"அப்ப முன்னாடி போய் எல்லாரையும் ஒக்கார வைங்க. நாலு மணிக்கு நான் வேனோட வந்துடறேன்."

வழியெல்லாம், பின்னால் தள்ளிப்போகும், ஊரே சாமியாகக் கும்பிடுகிற மலையிடம் பேரம் பேசிக்கொண்டே போனாள். பதினொரு பேர் வேண்டாம் சாமி, ஐந்து பேர். சரி, மூன்று. களையெடுக்க வந்தவர்களானாலும் பெயரைச் சொல்லிக்கொடுத்து உட்கார வைத்துவிடுவேன்.

ஆட்டோக்காரர் மணிவேல் வண்டியை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தார்.

"யாருக்கும்மா பிரஷர் பாக்கப்போற? கல்லுக்கா?"

"வேன் வரும்ணா. நீங்க கெளம்புங்க."

"கல்லுக்கு ஜாஸ்தி இருந்தா உப்பைக் கம்மி பண்ணச் சொல்லும்மா."

அவர் சிரிப்பும் ஆட்டோவின் இரைச்சலும் தேய்ந்த பிறகு, பக்கத்துக் கொல்லையில் பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடி வெயிலில் வாடும் பச்சை வாசனையும், செருப்புக்கடியில் மண்கட்டி நொறுங்கும் சத்தமும், அவற்றுக்கும் அடியில், நனைந்த துணி வழியாக யாரோ காற்றை இழுப்பது போன்ற ஓர் ஒலியும் மிஞ்சின. ஒரு புல்லும் அசையவில்லை. ஒலி மட்டும். ஒன்றல்ல. பல.

கடைசி வரிசைக் கற்களின்மேல் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள், பெண்கள். எண்ணினாள். பதினொன்று.

முதலில் வந்தது பயமில்லை, நிம்மதி. கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டார் சாமி.

பட்டியலில் அவள் இட்டுக்கட்டிய முதல் பெயரைக் கூப்பிட்டாள். "சந்திரம்மாள் யாருங்க?"

அருகிலிருந்த முதுகு நிமிர்ந்தது. ஓர் இடது கை பக்கவாட்டில் நீண்டது.

மெயின் ரோட்டில் வேனின் ஹாரன். வேதா ஓடிப்போய் அந்தக் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள். கை சில்லென்றிருந்தது.

"இப்படித் திரும்புங்கம்மா. சார் வராரு."

சந்திரம்மாள் திரும்பினாள். பதினொரு பேரும் திரும்பினார்கள்.

நெற்றி இருந்தது. அதற்குக் கீழே கண் இல்லை. மூக்கில்லை. பெயரும் வயதும் கேட்ட டேப்லெட் முகம் கேட்கவில்லை, வேதாவும் கொடுக்கவில்லை. வழவழவென்று தோல். வாய் இருக்கவேண்டிய இடத்தில் அது குழிந்தது. உப்பியது. குழிந்தது.

பட்டை சுற்றிய கை மெல்ல உயர்ந்தது. விரல்கள் வேதாவின் உதடுகளைத் தடவின. ஓரத்தில் நின்றன. நகத்தை உள்ளே செலுத்தி, எங்கிருந்து உரிக்கலாம் என்று தேடின.