சேமிக்கப்படாத கோப்பு

ராயபுரம். வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி.

மெர்லின் இரும்புப் படிக்கட்டின் அடியில் கிடந்தாள். பின்னந்தலை பிளந்திருந்தது. துறைமுகப் பக்கத்துக் காற்றில் நிலக்கரித் தூளின் நெடி கலந்திருந்தது. மாதா கோயிலிலிருந்து திரும்பிய தாய் ஐரீன் கண்டு கூச்சலிட்டாள். சடலத்தின் அருகே சுஃபியான் உட்கார்ந்திருந்தான். தெருவார் அவனைப் பிடித்துவைத்திருந்தனர். முந்தின நாள் இருவரும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருந்தது.

ஆய்வாளர் ரமாபாய் அவனை மெர்லின் வேலை செய்யும் மேல்மாடி அறைக்கு அழைத்துச் சென்றார்.

"என்ன சண்டை?"

"நங்கூரத்துல மவுஸ் வெக்கலாம்னேன் மேடம். ‘எலி வேணும்னா கூண்டு வாங்கிக்கினு போடா’ன்னுச்சு. கோச்சிக்கினு பூட்டேன். இன்னிக்கு சமாதானமா பேசலாம்னு வந்தா, இப்டி கெடக்குது."

நங்கூரம் என்பது அவ்விருவரும் உருவாக்கிய எளிய உரைத்தொகுப்பி. படங்களோ பொத்தான்களோ இல்லாத கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் தோன்றும். எவரும் இலவசமாக எடுக்கலாம். அதன் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். துறைமுகத்துக் கிடங்குகள் பலவற்றின் கணினிகளில் அதுவே இருந்தது.

மெர்லினின் மடிக்கணினி இன்னும் விழித்திருந்தது. திரையின் உச்சியில், கோப்பின் பெயருக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி. கீழே சில வரிகள். அவற்றின் முடிவில், எதனோடும் ஒட்டாமல், ‘s’ என்னும் ஒற்றை எழுத்து.

"நட்சத்திரம் எதற்கு?"

"இன்னும் சேவ் ஆவலைன்னு அர்த்தம்." வரிகளைப் படித்த சுஃபியானின் குரல் தாழ்ந்தது. "பேஜாரு மேடம் இது. யார் இன்னா அடிச்சாலும், பாஸ்வேர்டு மொதக்கொண்டு, திருடி வெளிய அனுப்புது. மெர்லின் செத்தாலும் இத எழுதாது."

சொன்ன பிறகுதான் தன் சொல் அவனுக்கே உறைத்தது.

"சேமித்திருந்தால்?"

"வெள்ளிக்கு வெள்ளி ஏழு மணிக்கு இந்தப் பொட்டி சேவ் ஆனதெல்லாம் தானாவே வெளியிட்டுடும், அது ஊருக்கே தெரியும். அல்லாருக்கும் பூடும்."

வாசலில் நின்ற ஐரீன் எவரையும் பாராமல் பேசினாள். "இந்த உப்புக் காத்துல எதுவும் நிக்காது. பேனு பூடுச்சு, பொட்டில ஒரு கட்டை பூடுச்சு. மாத்துடின்னா, ‘அது இல்லாமயே ஓட்டிக்கினு கீறேன்மா’ன்னா."

ரமாபாய் குனிந்து விசைப்பலகையைப் பார்த்தார். இடக்கை ஓரத்துக் கட்டையைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. ரேகை எடுப்பவரை அழைத்து, அந்தக் கட்டையை மட்டும் காட்டினார்.

ஆறே முக்காலுக்குப் பக்தவச்சலம் தானாகவே வந்தார். கிடங்குகளுக்கு மென்பொருள் விற்பவர். நங்கூரத்தின் முழு உரிமையையும் தம்மிடம் ஒப்படைக்குமாறு மெர்லினைப் பலமுறை கேட்டு, மறுக்கப்பட்டவர்.

"நாலரைக்கு வந்தேன் மேடம். ஏதோ புது வரி எழுதிக்கினு இருந்துச்சு. ‘சுஃபியான் எழுதச் சொன்னான்’னுச்சு. என் கண்ணு முன்னாடியே கன்ட்ரோல், எஸ் அமுக்கி சேவ் பண்ணிச்சு. நான் கெளம்பிட்டேன். அப்புறம் இந்தப் பையன் வந்து..."

"யோவ்!" என்று எழுந்த சுஃபியானைக் காவலர் அழுத்தி உட்காரவைத்தார்.

ரமாபாய் சுஃபியானிடம் வேறொரு வெற்றுக் கோப்பைத் திறக்கச் சொன்னார். பிறகு நாற்காலியை நகர்த்தினார்.

"உட்காருங்கள், பக்தவச்சலம். அவள் செய்ததைச் செய்து காட்டுங்கள்."

அவர் விரல்கள் யோசிக்காமல் இறங்கின. இடக்கை ஓரத்துக் கட்டை, பிறகு எஸ். வெற்றுத் திரையில் ஒரு ‘s’ முளைத்தது. மீண்டும் அழுத்தினார். இன்னொன்று முளைத்தது. நட்சத்திரம் அசையவில்லை.

ரமாபாய் சுஃபியானிடம் திரும்பினார்.

"சுஃபியான், மெர்லின் எப்படிச் சேமிப்பாள்?"

"எஃப் டூ கட்டைய அமுக்கும் மேடம். இந்தப் பொட்டில கன்ட்ரோல் செத்து ரொம்ப நாளாச்சு. அதுக்கோசரமே அந்த வழியும் வெச்சுது. மத்தவங்க பொட்டில ரெண்டும் வேலை செய்யும்."

"உங்கள் கணினியிலும்தான், பக்தவச்சலம்," என்றார் ரமாபாய். "அவளைப் படிக்கட்டிலிருந்து தள்ளினீர்கள். திரும்பி வந்து இவ்வரிகளை எழுதினீர்கள். கை பழகியபடி அழுத்திவிட்டு, சேமித்தாயிற்று என்று நம்பி, அவளைத் தாண்டியே இறங்கிப் போனீர்கள். ஏழு மணிக்கு அவள் பெயரில் அவை வெளியாகும். நங்கூரத்தை இனி எவரும் நம்பமாட்டார்கள்; பழி இவன்மேல் விழும். அவள் தொடவே தொடாத கட்டையில், நீங்கள் இங்கே வருவதற்கு முன்பே, புதிய ரேகை ஒன்று கிடைத்திருக்கிறது. கையை நீட்டுங்கள்."

பக்தவச்சலம் நீட்டவில்லை. விரல்களை மடக்கி மடியில் புதைத்துக்கொண்டார். "கொடுத்துடுன்னுதான் கேட்டேன்," என்றார். "சும்மா ஊருக்கெல்லாம் கொடுக்குது. எனக்கு மட்டும் தரமாட்டேன்னுச்சு." காவலர் அவர் மணிக்கட்டைப் பற்றினார்.

மணி ஏழு. எவரும் தொடாமலே திரை ஒருமுறை மினுக்கியது. மெர்லின் தன் கையால் கடைசியாகச் சேமித்தது மட்டும் உலகுக்குப் புறப்பட்டது. புதிய பதிப்பின் குறிப்பு திரையில் ஓடியது.

சுஃபியான் அதைப் படித்தான். பிறகு, ஐரீனுக்காக, உரக்கப் படித்தான்:

"மவுஸ் சேர்த்தாச்சு. கூண்டு வாங்க வேணாம், சுஃபி. எலி உள்ளியே கீது."