முடி உதிராத ஆடு

தானே புயல் பிய்த்துப் போட்ட பெயர்ப்பலகையை அன்புமணி இன்னும் மாட்டவில்லை. பாதி உடைந்து, 'அன்பு ஸ்டு' என்ற அளவில், அது கடை வாசலில் சாய்ந்து நின்றது. மார்ச் மாத வெயிலில் அதைத் தாண்டி உள்ளே வந்த பெண் படம் எடுத்துக்கொள்ள வரவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. தலை வாரியிருக்கவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் கருப்பு முடி.

"ஆடு மாடு இன்சூரன்ஸ் விசாரிக்கிறவரு இங்கதான் இருப்பாருன்னு சொன்னாங்க."

அன்புமணி கேமரா துடைத்த துணியைக் கீழே வைத்தான். அவனுடைய அக்கா கணவர் பொன்னுரங்கத்துக்கு அதுதான் வேலை. செத்த மாட்டின் காதில் குத்திய நம்பர் வில்லையைப் பார்த்து, அது உண்மையிலேயே இன்சூரன்ஸ் செய்த மாடுதானா என்று கண்டுபிடிப்பார். அன்புமணி கூடப் போய்ப் படம் எடுப்பான். கடலூர் சுற்றுவட்டாரத்தில் வயிறு உப்பிச் செத்த மாடுகளில் பாதி அவன் கேமராவில் இருந்தன. ஒரு தடவையாவது மனிதர்களுடைய மர்மம் ஒன்று வாசல் தாண்டி வராதா என்று அவன் ஏங்காத நாளில்லை.

"உக்காரும்மா" என்றார் உள்ளே உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம். "ஆடு செத்துப்போச்சா?"

"இல்ல சார். சாகல. நல்லாயிடுச்சு. அதான் பிரச்சினை."

அவள் பெயர் தமிழ்ச்செல்வி. அண்ணாமலை நகரைத் தாண்டி, கிள்ளை போகும் சாலையில், ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆய்வுப் பண்ணையில் ஆராய்ச்சி மாணவி.

"சவுண்டல் தழைல ஒரு விஷம் இருக்கு சார். அத ஜாஸ்தியா தின்னா ஆட்டுக்கு முடி கொட்டும். ஆனா சில ஆடுங்களுக்கு ஒண்ணும் ஆவாது. அதுங்க வயித்துல ஒரு நுண்ணுயிர் இருக்கு. விஷத்த அது சிதைச்சிடும். எங்க பண்ணைலயே பொறந்த குட்டிங்க சவுண்டல கண்ணால பாத்ததில்ல. அதனால அந்த நுண்ணுயிரும் அதுங்ககிட்ட கிடையாது. ஆறு கிடாய்க்கு அத மருந்தாட்டம் வாயில ஊத்திட்டுத் தழை போட்டேன். பக்கத்துக் கொட்டாய்ல ஆறுக்கு ஊத்தாம வெறும் தழை."

"ஊத்தாததுக்கு முடி கொட்டணும்" என்றார் பொன்னுரங்கம்.

"கொட்ட ஆரம்பிச்சுது. அப்புறம் நின்னுபோயி, இப்ப புதுசா முளைக்குது. வயித்துத் தண்ணிய எடுத்துப் பாத்தா ஆறுலயும் அந்த நுண்ணுயிர் இருக்கு. நான் கவனமில்லாம ரெண்டு கொட்டாய்க்கும் ஊத்திட்டு இப்ப பொய் சொல்றேன்னு எங்க கைடு சொல்றாரு." டப்பாவின் மூடியை அவள் நகத்தால் சுரண்டினாள். "திங்கக்கிழமை கமிட்டில என் பேரை எடுத்துடுவாங்க. பண்ருட்டில எங்க பலாத்தோப்பு புயல்ல மொத்தமா சாஞ்சிடுச்சு சார். அப்பா இப்ப என்னைத்தான் பாத்துட்டு இருக்காரு."

பொன்னுரங்கம் எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். "மச்சான், வண்டிய எடு."

சிப்காட் ரசாயன ஆலைகளின் நெடி மூக்கை விட்டு விலகவே நெடுந்தூரம் ஆனது. சாலையோரம் புயலில் முறிந்த மரங்கள் இன்னும் கிடந்தன. வேரோடு சாய்ந்த சவுண்டல் மரம் ஒன்று படுத்தபடியே துளிர்த்திருக்க, தெரு ஆடுகள் அதன்மேல் ஏறி நின்று மேய்ந்தன. அன்புமணி வண்டியை ஓட்டிக்கொண்டே குற்றவாளியை முடிவு செய்துவிட்டான்.

"கைடுதான் மாமா. அவ கண்டுபிடிப்பத் தன் பேர்ல போட்டுக்கப் பாக்குறான்."

"ஆளையே நீ இன்னும் பாக்கலயே மச்சான்."

பார்த்தபோதும் அவன் எண்ணம் மாறவில்லை. கைடு மணவாளன் கறாரான மனிதர். "இன்சூரன்ஸ் ஆளுக்கு இங்க என்னா வேலை?" என்றார். உடன் ஆய்வு செய்யும் சார்லஸ்தான் இதமாகப் பேசினான். ஏலக்காய் போட்ட டீயைத் தானே போட்டுக் கொண்டுவந்தான். "தமிழு அப்பிடிச் செய்யற பொண்ணு இல்ல சார்" என்று தணிந்த குரலில் சொன்னான். அவன் ஆய்வு கன்றுக்குட்டிகளில். போகும் வழியில் அவை காதில் வெள்ளை வில்லைகளோடு வரிசையாக நின்று பார்த்தன.

மருந்து ஊற்றாத ஆட்டுக் கொட்டகையில் மஞ்சள் வில்லை. ஆறும் கருப்புக் கிடாய்கள், ஒன்றுபோல ஒன்று. ஆறுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. பின்சுவர் மட்டும் புது சிமெண்டில் பளிச்சென்று இருந்தது.

"புயல்ல இடிஞ்சது" என்றான் சார்லஸ். "நல்லவேளை, ஆடுங்களுக்கு ஒண்ணும் ஆகல."

அன்புமணி கேமராவைத் தூக்கினான். ஃப்ளாஷ் மின்னியதும் ஐந்து கிடாய்கள் மூலையில் போய் ஒண்டிக்கொண்டன. ஒன்று மட்டும் நேராக அவனிடம் வந்தது. தோளில் தொங்கிய பிளாஸ்டிக் கவரை இழுத்து, உள்ளே இருந்த வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டு, பரோட்டா கட்டிய காகிதத்தையும் மென்றது.

"ஏய், உடுறா! அது என் சாப்பாடு!"

கூட வந்திருந்த பண்ணை மாட்டுக்காரர் சிங்காரம் விழுந்து விழுந்து சிரித்தார். "பதினாலாம் நம்பரு சார் அது. கல்யாண வூட்டுப் பந்தி மாரி எதப் போட்டாலும் துன்னும்."

பொன்னுரங்கம் கவரில் மிச்சமிருந்த இன்னொரு பழத்தின் தோலை மற்ற ஐந்தின் முன்னால் போட்டார். அவை மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கின.

"இதுல எதுக்கும்மா முதல்ல முடி கொட்டுறது நின்னுச்சு?"

"பதினாலுக்குக் கொட்டவே இல்ல சார். அத ஒட்டிப் படுக்குற ரெண்டும் முதல்ல தேறிச்சு. மத்ததெல்லாம் அப்புறம்."

"புயலப்போ யாரு இருந்தது?"

"நான் இல்ல. முந்தின நாளே ஊருக்குப் போயிட்டேன். பொங்கல் கழிச்சு வந்துதான் தழை போட ஆரம்பிச்சேன். ஆடுங்களத் தேர்ந்தெடுத்து வில்லை குத்தினதோட சரி, பழகவே இல்ல."

"என் கூரை பறந்துடுச்சு சார்" என்றார் சிங்காரம். "நானும் பொங்கலுக்குத்தான் வந்தேன்."

வாசல் டீக்கடையில் உட்கார்ந்து அன்புமணி படங்களைக் காட்டினான். ஒரு படத்தில் அவனுக்கே வெட்கமாக இருந்தது. "பதினாலு திரும்பி நிக்கிறப்ப எடுத்தது மாமா. காதுக்குப் பின்னால ஃப்ளாஷ் பட்டு வெளுத்துடுச்சு."

பொன்னுரங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"மத்த அஞ்சு காதும் ஏன் மச்சான் வெளுக்கல?"

 பொன்னுரங்கம் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் வழக்கமாக வரும் சின்னச் சிரிப்பு வரவில்லை. "எல்லாரையும் கொட்டாய்க்கு வரச்சொல்லு" என்றார்.

நால்வரும் வந்து நின்றார்கள். பொன்னுரங்கம் பதினாலாம் நம்பரின் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசினார்.

"இந்தப் பொண்ணு மருந்த மாத்தி ஊத்தியிருந்தா ஆறும் ஒண்ணாத் தேறியிருக்கும். இங்க அப்பிடி நடக்கல. ஒரு ஆட்டுக்குக் கொட்டவே இல்ல. பக்கத்துல படுத்தது முதல்ல தேறிச்சு, தள்ளிப் படுத்தது அப்பறம். அப்ப நுண்ணுயிர் பாட்டில்லேருந்து வரல. இந்தக் கிடாய், இவன்கிட்டேருந்து வந்துருக்கு. ஒரே தொட்டில வாய் வெச்சுக் குடிச்சதுங்க, ஒட்டிடுச்சு."

"இது எங்க பண்ணைலயே பொறந்த ஆடுய்யா" என்றார் மணவாளன். "இதுகிட்ட எப்பிடி இருக்கும்?"

"இங்க பொறந்ததுங்கதான் அந்த அஞ்சும். அதுங்களுக்கு வாழைப்பழத் தோலுன்னா என்னான்னு தெரியாது. வெளிச்சம் பட்டா நடுங்குதுங்க. இவன் பஸ் ஹாரனுக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவுல வளந்தவன். ரோட்டோரச் சவுண்டல் தின்னு பழகினவன். சார், இது உங்க பதினாலாம் நம்பர் கிடையாது."

 ஆடு பொன்னுரங்கத்தின் சட்டை நுனியை மெல்லத் தொடங்கியது.

"வில்லை உங்களுதுதான். வில்லைக்கு ரெண்டு பாகம். முன்னால நம்பர் தட்டு, பின்னால பொத்தான். ஒருதடவை குத்தினா கழட்ட முடியாது. பொத்தான அறுத்தாத்தான் தட்டு வரும். அறுத்த பொத்தான் மறுபடி ஆவாது, வேற போடணும். இன்சூரன்ஸ்ல நான் தெனம் பாக்குற வேலைதான். அஞ்சு ஆட்டுக்கும் பின்னால மஞ்சள் பொத்தான். இவனுக்கு மட்டும் வெள்ளை. என் மச்சான் அத ஃப்ளாஷ்னு நெனச்சுட்டான்."

மணவாளன் சட்டென்று சிங்காரத்தின் பக்கம் திரும்பினார். "ஏன்யா, புயலச் சாக்கா வெச்சு ஆட்ட அடிச்சுத் தின்னுட்டியா?"

சிங்காரம் இரண்டு கையையும் கூப்பினார். "ஐயோ, எம் புள்ளைங்க மேல சத்தியமா சார்..."

"அவரு இல்ல" என்றார் பொன்னுரங்கம். "அவரு அப்ப ஊர்லயே இல்ல. வெள்ளைப் பொத்தான் இந்தப் பண்ணைல ஒரு எடத்துலதான் இருக்கு."

வேலிக்கு அப்பால் கன்றுகள் நின்றன. அன்புமணி அவற்றின் காதுகளைப் பார்த்தான். பிறகு மெல்ல, விருப்பமே இல்லாமல், சார்லஸைப் பார்த்தான்.

சார்லஸ் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டான்.

"முதல்ல என் கன்னுங்களத்தான் குடோனுக்கு மாத்தினேன்" என்றான் தரையைப் பார்த்தபடி. "ஆட்டுக்கு வர்றதுக்குள்ள சுவர் விழுந்துடுச்சு. அஞ்ச வெளிய இழுத்துட்டேன். ஒண்ணு அடியில மாட்டிக்கிச்சு. தமிழுகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது? தோப்பே போயி அழுதுட்டு இருக்கு அந்தப் பொண்ணு. அவ வேலையாவது கெடக்கூடாதுன்னுதான் ரோட்டுல ஒருத்தர்கிட்ட இதே மாரி ஒண்ண வாங்கி..."

"முடி முளைக்க ஆரம்பிச்சப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் குரல் உயரவே இல்லை.

"தெரிஞ்சுது."

"நான் பொய் சொல்றேன்னு சார் சொன்னப்ப நீ பக்கத்துலதான் நின்ன."

சார்லஸ் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"பன்னெண்டுல ஒண்ணு புயல்ல செத்துச்சுன்னு ஒரு வரி எழுதியிருப்பேன் சார்லஸ். அவ்வளவுதான். அஞ்ச வெச்சு முடிச்சிருப்பேன். ஆராய்ச்சில ஆடு செத்தா அது தப்பில்ல."

மணவாளன் தொண்டையைச் செருமினார். திங்கட்கிழமை கமிட்டியில் தானே பேசுவதாகச் சொன்னார். சிங்காரத்தின் தோளில் கை வைக்கப் போனார். சிங்காரம் விலகிக்கொண்டார். "ஒரு தெரு ஆடு கூட இருந்தே அஞ்சக் காப்பாத்தியிருக்கு. அதையும் எழுதலாம்மா" என்றார் மணவாளன்.

"எழுதலாம் சார். ஆனா நான் கேட்ட கேள்வி அது இல்ல. இன்னொரு தடவை முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அவள் சிங்காரத்திடம் கத்தரியை வாங்கி வெள்ளைப் பொத்தானை அறுத்தாள். மஞ்சள் வில்லை கையில் விழுந்தது. அதை முடி இருந்த டப்பாவில் போட்டு மூடினாள்.

"எங்க பொதச்ச?"

சார்லஸ் சாய்ந்து கிடந்த வேப்பமரத்தைக் காட்டினான். அவள் டப்பாவோடு அந்தப் பக்கம் நடந்தாள். நம்பர் இல்லாத கிடாய், டப்பாவில் தின்ன ஏதோ இருக்கிறது என்று நம்பி, அவள் பின்னாலேயே போனது.

திரும்பும் வழியில் சிதம்பரம் தாண்டியதும் பொன்னுரங்கம் அன்புமணியின் தோளைத் தட்டினார்.

"என்னா மச்சான், ஆசப்பட்ட மாரி மனுசங்க கேஸு கெடச்சுது. ஒண்ணும் பேச மாட்டேங்குற?"

"அவன் போட்ட டீ நல்லா இருந்துச்சு மாமா" என்றான் அன்புமணி. "அந்த ருசி இன்னும் நாக்குலயே இருக்கு. போக மாட்டேங்குது."