ஷட்டர் திறந்திருந்த நேரம்

சோதனைக்காக எடுத்த படத்தில் சிற்பி இருக்கக்கூடாத இடத்தில் இருந்தார்.

களிமண் வைத்த சுழல்மேடையை விட்டு ஓர் அடிகூட நகரக்கூடாது என்று புகைப்படக்காரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரும் சமர்த்தாகத் தலையை ஆட்டியிருந்தார். கேமராவின் சின்னத் திரையில் மேடையருகே களிமண்ணும் கையுமாகத் தெரிந்தவர், ஒரே ஒரு ஃப்ளாஷ் வெளிச்சத்தில் மட்டும் சுவரோரம், அவள் கணவனின் நிழலுருவத்துக்குப் பின்னால், மூச்சு படும் தூரத்தில் நின்றார். சிற்பியின் பட்டறையில் பழைய மரத்தரை. பூனை நடந்தாலே முனகும். அப்படி ஒரு சத்தமும் கேட்ட ஞாபகம் அவளுக்கு இல்லை.

கேட்டால், கைப்பழக்கத்தில் நகர்ந்திருப்பேன் என்று சிற்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கலைஞர்களைப் படமெடுப்பதில் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. முகம் எல்லோரிடமும்தான் இருக்கிறது, ஆளைப் பிடிக்க வேண்டும் என்பாள். புல்லாங்குழல்காரரை எடுத்தபோது கண்ணாடியில் படிந்த அவருடைய மூச்சைத்தான் எடுத்தாள். ஓவியர் ஒருவரைத் தூரிகை கழுவிய தண்ணீரில் விழுந்த பிம்பமாக எடுத்தாள். இந்தச் சிற்பியோ எந்தக் கேமராவுக்கும் பிடிகொடுக்காதவர். வந்தவர்கள் எல்லாம் என் சட்டையைப் படமெடுத்துவிட்டுப் போனார்கள் என்று சிரிப்பவர். இவரை வைத்து அவள் போட்ட திட்டம் இது: ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பட்டப்பகலை வெளியே நிறுத்திவிட்டு, கேமராவின் ஷட்டரைத் திறந்தே வைப்பது. கும்மிருட்டில் சிற்பி தன்பாட்டுக்கு வேலை செய்வார். கணவன் ஃப்ளாஷைக் கையில் பிடித்து, தரையில் ஒட்டிய டேப்புகளை வெறுங்காலால் தடவிக்கொண்டே நடப்பான். ஒவ்வொரு டேப்பிலும் நின்று, “ம்” என்று குரல் கொடுத்துவிட்டு ஒருமுறை ஃப்ளாஷை வெட்டுவான். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ஜோடிக் கை பதியும். கடைசியில் ஒரே மனிதருக்கு ஒரே படத்தில் மரக்கிளை மாதிரி கைகள் முளைத்திருக்கும்.

கணவனுக்கு வங்கியில் வேலை. விடுமுறை நாளில் இவளுக்குச் சம்பளமில்லாத உதவியாள். பொண்டாட்டியை நம்பி இருட்டில் நடப்பது தனக்கொன்றும் புதிதில்லை என்று கேலி பேசுவானே தவிர, இருட்டென்றால் அவனுக்கு உள்ளூர உதறல். வீட்டில் கரண்ட் போனால் முதலில் அவள் பெயர்தான் அவன் வாயில் வரும். அந்த ஆள் அவளுக்காக இருட்டில் நடக்க வந்திருந்தான். சோதனைப் படத்தைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

“ஏம்மா, லைட்ட போட்டே எடுத்துடலாமே.”

“ஒரே ஒரு படங்க. இது வந்துட்டா போதும்.”

பிறகு சிற்பியிடம் திரும்பி, எல்லாக் கலைஞர்களிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னாள். “யாரும் பாக்காதப்போ எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. உங்களுக்குப் பிடிச்ச கருவியக் கையில வெச்சுக்குங்க.”

சிற்பி அவளை நீண்ட நேரம் பார்த்தார். “நெஜமாத்தான் சொல்றீங்களாம்மா?” என்றார். உளிப்பெட்டியைத் தாண்டி, ஆணியில் தொங்கிய களிமண் அறுக்கும் கம்பியை எடுத்தார். இரண்டு முனையிலும் மரப்பிடி வைத்த மெல்லிய கம்பி.

அவள் விளக்கை அணைத்தாள். சுவிட்ச் இடதுகைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. வலதுகையில் ஷட்டர் ஒயர். கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்.

ஈரக் களிமண்ணின் மக்கிய வாடை இருட்டில் இன்னும் கனத்து, தொண்டைவரை இறங்கியது. சுழல்மேடை கிறீச்சிட்டு மெல்லச் சுற்றும் சத்தமும், எங்கோ மூலையில் வாளிக்குள் நீர் சொட்டும் சத்தமும், கணவனின் வெறுங்கால் தரையை வருடும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. “ம்.” வெட்டு. மேடையருகே சிற்பி, முடிக்காத களிமண் தலை, அதன்மேல் குனிந்த விரல்கள். “ம்.” வெட்டு. கம்பி விறைப்பாக. வந்துவிட்டது, நினைத்தபடியே வந்துகொண்டிருக்கிறது என்று மனம் துள்ளியது.

“ம்.” வெட்டு. மேடையருகே சிற்பி இல்லை.

இருட்டு. மரத்தரை முனகவில்லை. பிறகு ஈரமான எதையோ கம்பி அறுக்கும் சத்தம். களிமண்தான் என்று நினைத்துக்கொண்டாள். குதிகால்கள் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டன. களிமண்ணுக்கு ஏது குதிகால்? தொண்டையில் நீர் கொப்பளிப்பது போல ஓர் ஓசை. அவள் பெயரின் முதல் எழுத்து மட்டும் வந்தது. பாதியில் அறுந்தது.

இடதுகை சுவிட்சைத் தொட்டது. போட்டால் படம் வெளுத்துப்போகும். அந்த நினைப்பு வந்தது. வந்த நினைப்புக்கு அவள் இடம் கொடுத்தாள். ஒரு மூச்சு நேரம்தான். அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது.

வாடை மாறியது. இரும்பு. சூடான இரும்பு.

“ஏங்க?”

மேடை மறுபடி சுற்றியது. இப்போது கனமாகச் சுற்றியது. விரல்கள் ஈரத்தில் அமுங்கி எழும் சத்தம்.

“ம்.”

அவன் குரல்தான். அப்பாடா என்று உயிர் திரும்பியது. அடுத்த நொடி அந்த உயிர் உறைந்தது. குரல் மேடையிலிருந்து வந்தது.

வெளிச்சம் சுவரோரத்திலிருந்து வெட்டியது.

டேப்பின் மேல் கணவனின் வெறுங்கால்கள் ஒழுங்காக நின்றன. கை ஃப்ளாஷை உயர்த்திப் பிடித்திருந்தது. சட்டைக் காலர் இருந்தது. காலருக்கு மேல் ஒன்றும் இல்லை.

இருட்டு. தரையை வருடிக்கொண்டு கால்கள் அடுத்த டேப்புக்கு நகர்ந்தன. சுவிட்சை அழுத்தினாள். அழுத்தினாள். விரல் சுவிட்சில் வழுக்கிக்கொண்டே போனது, விளக்கு எரியவில்லை. வலதுகைக் கட்டைவிரல் ஒயரோடு இறுகியிருந்தது. விடவில்லை.

“ம்.”

வெட்டு. சிற்பி மேடையருகே, சொன்ன இடத்தில், நகராமல். எந்தக் கேமராவும் பார்த்திராத முகம். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளின் முகம்போல அத்தனை பரிவு. அவர் கைகளுக்கு நடுவே கணவனின் தலை, களிமண் கழுத்தின் மேல் பொருத்தியிருந்தது. கண்கள் அவளைத் தேடிக்கொண்டிருந்தன. சிற்பி கட்டைவிரலில் கொஞ்சம் களிமண் எடுத்து, அந்த வாயின் ஓரத்தில் பொறுமையாக ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டிருந்தார்.