கோர் கோப்பில் இருந்த நடைபாதை

நான்கு நாளாகப் பிற்பகல் இரண்டு பதினேழுக்கு, ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லாமல், கட்டடத்தின் கேமரா நிரல் செத்து விழுந்துகொண்டிருந்தது. அந்த மாடியின் சர்வர் அறையை ஒற்றையாளாகக் கட்டி மேய்க்கும் அட்மினுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நிரல்கள் சாகும், ஆனால் கடிகாரம் பார்த்துச் சாகாது.

அந்த சர்வர்கள் ஓடும் யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் விழும்போது, அதன் நினைவகத்தில் அந்த நொடி இருந்ததையெல்லாம் ஒரு கோப்பாகக் கொட்டி வைக்கும். கோர் என்பார்கள். நிரல் ஓடிய டைரக்டரியில், அதாவது கோப்புறையில், தேடினாள். இல்லை. கோரை எங்கே போடவேண்டும் என்று சொல்லும் அமைப்பைத் திறந்தாள். அது காட்டிய இடமும் துடைத்து வைத்தாற்போல் காலி. கடைசியில் வட்டு முழுவதையும் சல்லடை போடும்படி ஃபைண்ட் கட்டளையைத் தட்டிவிட்டு, ஜன்னலில்லாத அந்த அறையின் குளிரில், விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கும் நடுவே, கதவுக்கு முதுகைக் காட்டி, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு காத்திருந்தாள்.

நான்கு வரிகள் வந்தன. நான்கு கோப்புகளும் அவளுடைய சொந்த டைரக்டரியில் இருந்தன. அவள் அங்கே எதையும் வைக்கவில்லை.

ஒவ்வொன்றிலிருந்தும், நிரல் கடைசியாகப் பிடித்த படத்தை உருவி எடுத்தாள்.

திங்கள். அறைக்கு வெளியே உள்ள நடைபாதை. லிஃப்ட் பக்கம் ஓர் உருவம், சுவரைப் பார்த்தபடி.

செவ்வாய். பாதித் தூரம் வந்திருந்தது. கைகள் முழங்காலைத் தாண்டித் தொங்கின.

புதன். இந்த அறையின் கதவருகே. நெற்றியைக் கதவில் ஒட்டவைத்துக்கொண்டு.

போனை எடுத்தாள். வாசல் காவலாளியைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, எங்க மாடி நடைபாதையில யாராவது நிக்கிறாங்களான்னு வந்து பாருங்களேன். சீக்கிரம்.”

“இதோ வரேம்மா. பயப்படாதீங்க.”

இன்றைய கோப்பைத் திறந்தாள். நடைபாதை வெறிச்சோடிக் கிடந்தது. யாருமில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

கதவு தட்டப்பட்டது.

“நான்தாம்மா. இங்க ஒரு ஈ காக்கா இல்ல. கதவ ஏன் உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கீங்க?”

“நான் போடலையே அண்ணே.”

“போடலையா?” கைப்பிடி ஆடியது. திறக்கவில்லை. “அம்மா, உள்ள உங்ககூட யாரு?”

அவள் படத்தை மறுபடி பார்த்தாள். இரண்டு பதினேழு. நடைபாதையில் யாருமில்லை. அறைக் கதவு மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது.

விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

திரும்பினாள்.

சர்வர் அடுக்குகளின் இடுக்கில், கறுப்புக் கேபிள்கள் கூரையிலிருந்து கொத்தாகத் தொங்கின. அவற்றில் இரண்டின் நுனியில் விரல்கள் இருந்தன. அவை மெல்ல விரிந்தன.