வசனம் இல்லாத பக்கம்

வகுப்பில் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். பேனாவை எடுத்தால் அப்படிக் குத்துவாள். எந்தப் படக்கதை இதழ் புதிதாக வந்தாலும், கதை எப்படி, படம் எப்படி என்று தனித்தனியாக எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுவாள்.

இந்தத் தடவை அவளிடம் மாட்டியது, வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர் கையாலேயே செய்த இதழ். கதை வாயாடி எழுதியது. படம் மைவிரல் போட்டது.

‘படம் அருமை. நாய் காணாமல் போகும் பக்கத்தில் ஒரு வசனம்கூட இல்லை, படமே அழ வைக்கிறது. கதைதான் சுமார்’ என்று எழுதி ஒட்டினாள்.

வாயாடி அதைப் படித்தான். பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான்.

“இனிமே நீயே தனியா பண்ணிக்கோ. என் கதைதான் சுமாராச்சே,” என்றான்.

“அவ எழுதினதுக்கு நான் என்னடா பண்ணுவேன்?” என்றான் மைவிரல்.

அதோடு பேச்சு நின்றது. அடுத்த இதழும் நின்றது.

குண்டூசி மன்னிப்புக் கேட்கப் போனாள். ஓயாமல் பேசுகிற வாயாடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொய்யாகப் புகழ்ந்து எழுதினால் உடனே கண்டுபிடித்துவிடுவான். நல்ல நட்பைக் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இனி எதுவும் சரியாகாது என்றே தோன்றியது.

வேறு வழி தெரியாமல் இதழை மறுபடி புரட்டினாள். நாய் காணாமல் போகும் பக்கம் வந்தது. அறுந்த கயிற்றைப் பிடித்தபடி ஒரு பையன் நிற்கிறான். அவன் தலைக்கு மேலே மட்டும் தாள் சொரசொரப்பாக இருந்தது. எதையோ அழித்திருந்தார்கள்.

மைவிரலிடம் ஓடினாள். “இங்க என்ன இருந்துச்சு?”

“அவன் எழுதின வசனம். நான் படம் போட்டதும் பார்த்தான். இங்க பேசினா கெட்டுப்போயிடும்னு அவனே அழிச்சிட்டான். நல்ல வசனம், எனக்குத்தான் அழிக்க மனசே வரல.”

குண்டூசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன்னை அழ வைத்ததில் பாதி வாயாடியின் வேலை. பாராட்டையோ முழுதாக மைவிரலுக்குக் கொடுத்திருந்தாள்.

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

‘நான் சரியாகப் பார்க்கவில்லை. அழ வைத்த பக்கத்தில் தன் வசனத்தைத் தானே அழித்தவன் வாயாடி. எங்கே பேசக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற பக்கங்களில்தான் மறந்துவிட்டான்.’

வாயாடி அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். “கடைசி வரி அவசியமா?”

“அவசியம்தான்,” என்றாள் குண்டூசி.

அவன் பையை எடுத்துக்கொண்டு மைவிரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அடுத்த இதழ்ல நாய் திரும்பி வர்ற பக்கத்துல நான் பேசலாமில்ல?” என்று கேட்டான்.

“கொஞ்சமா பேசு,” என்றான் மைவிரல்.

மணி அடித்து, ஆசிரியர் வந்து, இரண்டு முறை தொண்டையைச் செருமிய பிறகும் வாயாடி பேச்சை நிறுத்தவில்லை.